மூன்று பெட்டிகளில் ஒன்று

வெள்ளவத்தை ரயில் நிலையத்தைத் தாண்டும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடலோரத் தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் பம்பலப்பிட்டிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். ஓடவில்லை. ஓடுகிறவனைத்தான் பிடிப்பார்கள் என்பது கொழும்பு எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். வேகமாக நடக்கிறவனை யாரும் கவனிப்பதில்லை. பஸ்ஸுக்குப் பிந்திவிட்டான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு படிவம் இருந்தது. அது இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எனக்குப் பின்னால், ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஒரு கணினி செத்துக் கிடந்தது. அதைக் கொன்றது நான்தான் என்று அப்போது உறுதியாக நம்பினேன். யாராவது கூப்பிட்டபடி பின்னால் வருவார்கள் என்று காது மட்டும் முதுகுப் பக்கமாகவே இருந்தது. அலைச்சத்தம்தான் வந்தது. பிறகு பையில் போன் அடித்தது. தெரியாத நம்பர். அது அடித்து ஓயும்வரை அதைக் கையில் பிடித்தபடியே நடந்தேன்.

அதற்கு நாலு மாதம் முன்புவரை, பத்து வருடமாக, கொட்டாஞ்சேனையில் தங்கி, துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் கிட்டங்கிகளில் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சீனி மூட்டையோடு வலது தோள் கீழே இறங்கியது, பிறகு மேலே வரவில்லை. பொரளையில் ஒரு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பர உஸ்ஸண்ட எப்பா" என்றார். பாரம் தூக்காதே. நான் தலையாட்டினேன். நான் தலையாட்டிய விதத்தில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது, இன்னும் இரண்டு தடவை சொன்னார். அவர் சொன்னது புரியாமலில்லை. பாரம் தூக்காமல் வேறு என்ன செய்வது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டது, அல்லது நான் அதை விட்டேன். வவுனியாவில் பேக்கரி, புத்தளத்தில் உப்பு, பிறகு பாலைவன நாடொன்றில் ஒரு பெரிய கிட்டங்கி. அங்கே பெட்டிகளின் கோடுகளைப் படிக்கும் ஒரு சிறு கருவியைக் கையில் கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் அதில் ஒரு பொத்தானை அமுக்கினேன். திரையில் சிவப்பாக ஏதோ வந்தது. பயந்து இன்னொன்றை அமுக்கினேன். அன்று நாற்பது பேர் செய்த பதிவு முழுவதும் போய்விட்டது. அடுத்த கிழமை என்னை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். யாரும் ஏசவில்லை, அடிக்கவில்லை. ஒரு விரல் ஒரு தடவை அமுக்கியதற்கு ஒரு வாழ்க்கையைத் திருப்பி அனுப்பலாம் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வந்தேன்.

அப்படிப்பட்டவன் ஏன் கணினி படிக்கப் போனான் என்றால், உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டும். பள்ளிக்கூடம் முடிக்காதவர்களுக்கு வெள்ளவத்தையில் ஒரு இலவச வகுப்பு இருந்தது. ஆறு மாதம். ஒரே ஒரு இடம் மிச்சம். படிவத்தில் பெயர், விலாசம், அதற்குக் கீழே மூன்று பெட்டிகள்: பைதன், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட். ஒன்றில்தான் சரி போடலாம். போட்டபின் மாற்ற முடியாது, ஏனென்றால் மூன்றுக்கும் வேறு வேறு அறை, வேறு வேறு நாள். நான் ஓடிய நாளுக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் கொடுக்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போகும்.

அந்த ஒரு கிழமையாக நான் கேட்காத ஆள் இல்லை. வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டு எஞ்சினியர் ஜாவா என்றார். வங்கியெல்லாம் அதில்தான் ஓடுகிறதாம். அதே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவருடைய மகள், அது அப்பாமாருடைய மொழி, பைதன்தான் இலகு என்றாள். கொட்டாஞ்சேனையில் போன் திருத்துகிறவர் மற்ற இரண்டையும் கேட்டுச் சிரித்துவிட்டு ஜாவாஸ்கிரிப்ட் என்றார். மூவரும் எனக்கு நல்லதுதான் நினைத்தார்கள். ஆளுக்கு ஒன்று சொல்லச் சொல்ல என் பயம்தான் கூடியது. பிழையாகத் தொட்டால் ஆறு மாதம் போகும். தோள் ஆறு மாதம் பொறுக்காது. அதற்குள் நான் மறுபடி மூட்டைக்குக் கீழே போய் நின்றிருப்பேன்.

அன்று செவ்வாய்க்கிழமை, படிவத்தை நிரப்புவதற்கு முன் ஒரு மணித்தியாலம் வகுப்பில் சும்மா இருந்து பார்க்கலாம் என்று வரச்சொல்லியிருந்தார்கள். வாசலில் பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்துவிட்டு அறைக்குள் நுழைந்ததும் பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏசி பாக்க வந்தனீங்களே அங்கிள்? பழுதானது மற்ற ரூம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு முப்பத்துமூன்று வயது. படிப்பித்த பெண்ணுக்கு என்னைவிடக் குறைவாக இருக்கும், யாழ்ப்பாணத்துப் பேச்சு. அவர் பலகையில் ஒரே வேலையை மூன்று மொழிகளிலும் எழுதிக் காட்டினார். நம் பெயரைத் திரையில் வரவைக்கும் வேலை. பைதனில் ஒரு வரி. ஜாவாஸ்கிரிப்டிலும் ஒரு வரிதான். ஜாவாவில் ஐந்து வரி, அதில் வளைவான அடைப்புகள் ஒன்றுக்குள் ஒன்று. ஐந்து வரியிலும் என் பெயர் ஒரு மூலையில்தான் இருந்தது. மற்றதெல்லாம் என்ன என்று கேட்டேன். இப்போதைக்கு அப்படியே எழுதுங்கள், பிறகு விளங்கும் என்றார். விளங்காமல் எழுதி நான் பட்டது போதும் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

பிறகு என்னை ஒரு கணினிக்கு முன்னால் இருத்தி, அந்த ஒரு வரியை அடிக்கச் சொன்னார். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தேன். அடித்து முடித்து அமுக்கினேன். பெயர் வரவில்லை. சிவப்பில் நாலு வரி வந்தது.

அவர் அந்தப் பக்கம் வேறொருவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அந்த நாலு வரியை வாசிக்கவில்லை. அந்தப் பாலைவனக் கிட்டங்கி நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. குனிந்து, பெட்டியில் இருந்த சுவிட்சைத் திரை கறுப்பாகும்வரை அமுக்கிப் பிடித்தேன். கழிவறைக்குப் போய்வருகிறேன் என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் படியில் இறங்கினேன்.

பம்பலப்பிட்டியில் ஏறிய பஸ்ஸில் போன் இரண்டாம் தடவை அடித்தது. அதே நம்பர். பக்கத்திலிருந்தவர் என் கையைப் பார்த்தார். போனைத் தலைகீழாகத் திருப்பி மடியில் வைத்தேன்.

புதுக்கடையில் இறங்கினேன். நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு சின்ன அறையில் மனுவும் சத்தியக்கடதாசியும் அடித்துக்கொடுக்கும் நண்பன் ஒருவன் இருக்கிறான். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். படிவத்தை எனக்குக் கொண்டுவந்து தந்தவனே அவன்தான். நடந்ததைச் சொன்னேன். அவன் அடிப்பதை நிறுத்தாமல் கேட்டான்.

"ஒடச்சிட்டியா இல்லையானு பாத்தியா?"

"செவப்பா வந்துச்சு."

"செவப்பா வந்தா ஒடஞ்சிருச்சா? அப்ப இந்த ரோட்டுல எத்தன சிக்னல் லைட்டு ஒடஞ்சிருக்கணும்."

அவனுக்குச் சிரிப்பு. எனக்கு வரவில்லை. மூன்றில் எதைப் போடுவது என்று கேட்டேன். அவன் விரலை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். வழக்குக்கு லோயர் பிடிக்கிற கதைதான் இது என்றான். யாரைக் கேட்டாலும் தன்னுடைய லோயர்தான் நல்லவர் என்பார்கள், யாரைப் பிடித்தாலும் வழக்கு இழுக்கத்தான் செய்யும், அதனால் சும்மா ஒருவரைப் பிடி என்றான். சும்மா பிடிக்கிற தைரியம் இருந்தால் நான் ஏன் அங்கே வருகிறேன்.

கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். பிழையாகப் போன ஒரு சத்தியக்கடதாசியை எடுத்துப் பின்பக்கத்தை நாலாகக் கிழித்தான். மூன்றில் மூன்று பெயரையும் எழுதினான். நாலாவதை வெறுமனே மடித்தான்.

"இது என்னத்துக்கு?"

"வெறுஞ்சீட்டு. சாமிக்கும் ஒண்ணும் வேணாம்னு சொல்ல ஒரு எடம் வுடணும்ல. இன்னைக்கு செவ்வாக்கெழம, கொச்சிக்கடைக்குப் போ. வேற ஆளு கையால எடுக்கச் சொல்லு. ஒரு தடவதான். ரெண்டாவது தடவ கேட்டா அது கேள்வி இல்ல, தர்க்கம்."

எங்கள் வீட்டில் எல்லாம் சீட்டில்தான் முடிவானது. அக்காவுக்கு வந்த இரண்டு மாப்பிள்ளைகளில் ஒருவர், நான் வவுனியாவுக்குப் போனது, எல்லாம். ஒரு கணினி மொழியை அப்படி எடுக்கலாமா என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அந்த நாலு மடிப்பையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நடந்தேன்.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடையில் இருக்கும் புனிதரின் தேவாலயத்துக்கு எல்லாச் சமயத்தவரும் வருவார்கள். வாசலில் பையைத் திறந்து காட்டி, கையைத் தூக்கித் தடவவிட்டு உள்ளே போகவேண்டும். கைக்குட்டை முடிச்சையும் அவிழ்க்கச் சொன்னார்கள். காவலுக்கு நின்றவர் ஒரு சீட்டைப் பிரித்துப் பார்த்தார். பைதன் என்று எழுதியிருந்தது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, மடித்துத் தந்தார். அவர் பார்த்ததால் அது பழுதாகிவிட்டதா என்று எனக்கு உடனே ஒரு பயம். திரும்பவும் வெளியே வந்து, எல்லாவற்றையும் கலைத்துக் குலுக்கிவிட்டு, மெழுகுதிரி விற்கும் ஒரு பெண்ணிடம் போனேன். ஐம்பது வயதிருக்கும். ஒரு சீட்டு எடுத்துத் தர முடியுமா என்று கேட்டேன்.

"கல்யாணமா, வெளிநாடா?"

"கம்ப்யூட்டருங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இதையெல்லாம்கூடவா புனிதரிடம் கேட்கிறீர்கள் என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தேன். ஜாவா.

ஐந்து வரி. ஒன்றுக்குள் ஒன்றாக அடைப்புகள். ஒரு வரி அடித்தே நாலு வரி சிவப்பு வாங்கியவன் நான். சீட்டை மடித்துக் கைக்குட்டையில் போட்டுக் குலுக்கி, திரும்பவும் நீட்டினேன். அந்தப் பெண் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஒரு தடவ கேட்டாப் போதும். அவருக்கு நல்லாக் காது கேக்கும்."

நான் அவருக்கு முதுகைக் காட்டி நின்று, என் கையாலேயே ஒன்றை எடுத்தேன். பிரித்தால் இரண்டு பக்கமும் வெள்ளை.

அந்தக் கணத்தில் என்னைப் பிடித்த பயத்தை எப்படிச் சொல்வது? கேட்டதற்குப் பதில் சொன்னவரிடம், பதில் பிடிக்கவில்லை என்று திரும்பக் கேட்டேன். அதற்கு அவர் வாயை மூடிக்கொண்டார். இனி எந்தப் பெட்டியில் சரி போட்டாலும் அது தர்க்கம் பண்ணி வாங்கினதுதான். நாலு சீட்டையும் மெழுகுதிரித் தட்டில் பிடித்து எரித்தேன். விரல் சுட்டது. போன் மூன்றாம் தடவை அடித்தது.

"மல்லி, போன் எகட்டத் பயத?"

தம்பி, போனுக்குமா பயம் என்று கேட்டபடி பக்கத்தில் நின்றவர், நான் மூட்டை தூக்கிய கொள்கலன் முற்றம் ஒன்றின் மேற்பார்வையாளர். விகாரைக்கும் போவார், செவ்வாய் தவறாமல் இங்கேயும் வருவார். என் தோளைத் தொட்டு விசாரித்தார். முற்றத்து அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் இருந்து எழுத்து வேலை பார்த்த கிளாக் இத்தாலிக்குப் போய்விட்டான் என்றார். லொறிகளுக்கு வெளியேறும் சீட்டு அடித்துக் கொடுக்கவேண்டும், ஒரு பொத்தானை அமுக்கினால் அதுவே அடிக்கும், அந்தப் பையன் எல்லாம் செய்துவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான். உட்கார்ந்த வேலை. காலை ஏழு மணிக்கு வந்து பார் என்றார்.

கணினி என்றதும் வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன். ஆனால் ஏழு மணி என்பது ஒன்பது மணிக்கு முன்னால் வருகிறது. ஏழுக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு எட்டுக்குக் கிளம்பினால் ஒன்பதுக்கு வெள்ளவத்தையில் நிற்கலாம். பஸ்ஸில் போகும்போது ஏதாவது ஒன்றில் சரி போடலாம். அப்படித்தான் நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தேன்.

மறுநாள் மாதத்தின் முதலாம் தேதி. முற்றத்து அலுவலகம் என்பது ஜன்னல் வெட்டிய ஒரு பழைய கொள்கலன். உள்ளே ஒரு மேசை, மஞ்சளேறிய ஒரு கணினி, அச்சடிக்கும் பெட்டி. விசைப்பலகைக்கு மேல் சிங்களத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: பச்சைப் பொத்தானைத் தவிர வேறொன்றையும் தொடாதே. எனக்கு ஏற்ற இடம்தான் என்று நினைத்தேன். லொறி நம்பரை ஒற்றை விரலால் அடித்தேன். பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.

ஒரு சாம்பல்நிறப் பெட்டி வந்து திரையின் நடுவில் நின்றது. ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே சில பொத்தான்கள்.

மேற்பார்வையாளர் இரண்டு அடி பின்னால் போனார். இப்படி ஒருநாளும் வந்ததில்லை என்றார். மூடிவிட்டுத் திறந்தோம். மறுபடி அதே பெட்டி. வெளியே லொறிகள் சேர்ந்தன. ஏழரை, எட்டு. எட்டுக்கு நான் எழுந்தேன். போகவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். வெளியே நின்ற டிரைவர்களில் இரண்டு பேர் என்னைத் தெரிந்தவர்கள். புதுக் கிளாக் வந்து முதல் நாளே மெஷினை உடைத்துவிட்டான் என்று ஒருவன் மற்றவனிடம் சொல்லிச் சிரித்தது ஜன்னலால் கேட்டது. எழுந்தவன் உட்கார்ந்தேன். போனால் இரண்டாவது கணினியையும் உடைத்துவிட்டு ஓடியவனாவேன். மூன்றாவதாக ஒன்றுக்கு முன்னால் யார் என்னை இருத்துவார்கள்?

எட்டரை மணிக்கு அந்தப் பெட்டியில் அதுவரை யாரும் தொடாத ஒரு பொத்தானை அமுக்கினேன். சாம்பல் பெட்டி போய், வெள்ளையான ஒரு பக்கம் திறந்தது. மேலிருந்து கீழ்வரை எழுத்து. வகுப்பில் பலகையில் பார்த்த மாதிரியே, ஆனால் அந்த மூன்றிலும் சேராத மாதிரி. நடுவில் ஒரு வரி மஞ்சளாக நின்றது. இந்தத் தடவை கை சுவிட்சை நோக்கிப் போகவில்லை, போனை நோக்கிப் போனது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் என்று நான் நினைத்தது அரை மணிக்குமேல். மூன்று தடவை அடித்த நம்பரை அழுத்தியபோது ஒன்பது தாண்டி ஐந்து நிமிடம்.

அந்த ஆசிரியைதான். நான் பெயரைச் சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்.

"ஏன் ஓடினனீங்கள்?"

"மெஷின ஒடச்சிட்டேன் மிஸ்."

"நீங்கள் ஒண்டையும் உடைக்கேல்லை. ஒரு மேற்கோள்குறி பூட்டாமல் விட்டிட்டீங்கள், அவ்வளவுதான். சிவப்பிலை அது அதைத்தான் சொன்னது. வாசிக்காமல் நிப்பாட்டிப்போட்டு ஓடிட்டீங்கள்."

சட்டைப்பையில் இருந்த படிவத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஒன்பது மணிவரைக்கும் பாத்தனான். இப்பதான் மற்ற ஆளுக்குக் குடுத்தது."

"தெரியும் மிஸ்."

தெரியும் என்று சொன்னேனே தவிர, அதைக் காதால் கேட்டபோது தோளுக்குள் ஏதோ மறுபடி இறங்கியது. வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வெளியே ஒரு லொறி நீளமாக ஹோர்ன் அடித்தது. முன்னால் இருந்த மஞ்சள் வரியைப் பற்றிச் சொன்னேன். அவர் நான் எங்கே இருக்கிறேன், திரையில் என்ன தெரிகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அது பழைய சாமான் என்றார். எக்செல்லுக்குள்ளேயே இருக்கும் ஒரு மொழி, எங்கள் வகுப்பில் அது இல்லை, முதல் மொழியாக அதைப் படி என்று தான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்றார்.

"ஆனா உங்களுக்கு முன்னாலை இப்ப அதுதானே இருக்கு. மஞ்சள் வரியை வாசியுங்கோ."

"இங்கிலீசு சரியா வராது மிஸ்."

"எழுத்தெழுத்தா வாசியுங்கோ."

வாசித்தேன். பத்து நிமிடம் பிடித்தது. அந்த வரி ஒரு மாதத்தின் பெயரில் ஒரு தாளைத் தேடுகிறது என்றார். கீழே வரிசையாக இருக்கும் தாள்களின் பெயரைச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு மாதமும் இருந்தது. போன மாதத்தோடு நின்றிருந்தது. இத்தாலிக்குப் போனவன் ஒவ்வொரு முதலாம் தேதியும் புதுத் தாளைத் தன் கையால் போட்டிருக்கிறான். அதை ஒருவரிடமும் சொல்லாமல் போய்விட்டான். கிட்டங்கியில் முதலாம் தேதி புதுக் கணக்குக் கொப்பி போடாமல் ஒரு மூட்டையும் வெளியே போகாது. பத்து வருடமாக அதைப் பார்த்தவனுக்கு அந்த ஒன்று மட்டும் உடனே விளங்கியது.

போன மாதத் தாளை அப்படியே பிரதி எடுக்கச் சொன்னார். எடுத்து, இந்த மாதத்தின் பெயரை அடித்தேன். அடித்த ஒவ்வொரு எழுத்தையும் பழைய தாள்களின் பெயரோடு ஒத்துப் பார்த்தேன். வகுப்பு தொடங்கிவிட்டது என்று அவர் போனை வைத்துவிட்டார். மேற்பார்வையாளர் வாசலில் நின்று, "புளுவந்த மல்லி?" என்றார். முடியுமா?

"பலமு அய்யே" என்றேன். பார்ப்போம், அண்ணே. பச்சைப் பொத்தானுக்கு மேல் விரலை வைத்தேன். அமுக்கினேன்.

அச்சுப்பெட்டி ஒருமுறை இருமி, சீட்டைத் தள்ளியது. ஜன்னலால் ஒரு கை வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. அடுத்த நம்பர், அடுத்த சீட்டு. பத்தரை மணியளவில் லொறிகள் குறைந்தபோது மேற்பார்வையாளர் வரவுப் புத்தகத்தை என் முன்னால் தள்ளினார். இத்தாலிக்காரனின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதி, வந்த நேரம் ஏழு என்று போட்டேன்.

அடுத்த முதலாம் தேதிவரை நினைவிருக்குமோ என்று பயமாக இருந்தது. அதற்கு முன்னால் வேறு என்ன பெட்டி வருமோ என்றும். கொள்கலனுக்குள் எழுதுவதற்கு வேறு தாள் இல்லை. சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து விரித்தேன். மூன்று பெட்டிகளும் வெறுமையாக இருந்தன. அதைத் திருப்பிப் போட்டு, அந்த மஞ்சள் வரியை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதத் தொடங்கினேன்.